அலாரம் அடித்தால் யாரைக் கூப்பிடுவது

அலாரம் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்வதற்காக இதுவரை யாரும் எனக்குப் போன் செய்ததில்லை. அடிக்கக் கூடாத நேரத்தில் அடித்தால் கூப்பிடுவார்கள். அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காவிட்டாலும் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் எடுத்த எடுப்பில் கோபம்தான். அவர்கள் கோபப்பட்டு முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்துவிட்டு, "வர்றேன் சார்" என்று சொல்லி ஸ்கூட்டியை எடுப்பேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, இவற்றுக்கு நடுவில் முளைத்திருக்கிற அத்தனை நகர்களும் என் பொறுப்பு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தவள் நான். அதை மூடிவிட்டார்கள். வீடுகளுக்கும் கடைகளுக்கும் திருட்டு அலாரம் மாட்டிக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். "பகல்ல வீட்ல லேடீஸ்தான் இருப்பாங்க. லேடீஸ் போனா யோசிக்காம கதவத் தெறப்பாங்க" என்று சொல்லித்தான் முதலாளி என்னைச் சேர்த்துக்கொண்டார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. ஆனால் ஏணி ஏறி ஏறி என் வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது. சைரனுக்குப் பக்கத்திலேயே நின்று சோதித்துப் பார்த்ததில் காதுக்குள் எந்நேரமும் ஒரு மெல்லிய இரைச்சல். வீட்டில் மிக்ஸியைப் போட்டால்கூட எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன்.

இத்தனைக்கும் பழுது என்று போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அற்பமான காரணமாக இருக்கும். ஆள் நடமாட்டத்தைப் பார்க்கும் சென்சாரின் முகத்தில் ஒரு பல்லி உட்கார்ந்திருக்கும். கண்ட்ரோல் பெட்டிக்குள் எறும்பு புற்று வைத்திருக்கும். பேட்டரி உப்பியிருக்கும். துடைத்து, மாற்றி, ஒருமுறை அடிக்கவிட்டு நிறுத்திவிட்டு வருவேன். அந்த ஒருமுறைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள்.

ஆவடியை ஒட்டிய கோவில்பதாகையில் ஒரு வீடு. படைத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவருடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சர்வீஸ் முழுக்க ஆவடியில் குவார்ட்டர்ஸிலேயே இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு அங்கே மனை வாங்கி வீடு கட்டினார். அப்போது சுற்றிலும் காலி மனைகள். எதிரே மட்டும் ஒரு வீடு. அந்த மனைகளெல்லாம் ஒரு காலத்தில் அந்த எதிர்வீட்டுக்காரர் குடும்பத்து நெல் வயலாக இருந்தவையாம். அவர் இப்போது செங்கல், மணல் சப்ளை செய்துகொண்டிருந்தார். சுவருக்குச் சுவர் ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்து பழகியவருக்கு இப்படித் தனியாக நிற்கும் வீடு பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு முன்னாலேயே எங்களைக் கூப்பிட்டு அலாரம் மாட்டச் சொன்னார்.

அது பழைய வகைப் பெட்டி. உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். அலாரம் போட்டிருக்கும்போது கதவு திறந்தால் வெளியே சைரன் அடிக்கும். அதோடு, நாம் பதிந்து வைத்திருக்கும் எண்களைப் பெட்டி வரிசையாகக் கூப்பிட்டு, நாம் பேசிப் பதிந்ததைப் போட்டுக் காட்டும். யாராவது ஒருவர் எடுத்துவிட்டால் போதும், சேதி சேர்ந்துவிட்டது என்று மற்றவர்களைக் கூப்பிடாமல் நிறுத்திக்கொள்ளும்.

அவர் தன் எண்ணை முதலில் போடச் சொன்னார். இரண்டாவதாக, கோயம்புத்தூரில் இருக்கும் மகள். பேசிப் பதிய வேண்டிய நேரம் வந்ததும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, நிமிர்ந்து நின்று பேசினார். "கோவில்பதாகை, மூன்றாவது குறுக்குத் தெரு, நம் வீட்டில் அலாரம் அடிக்கிறது. உடனே வாங்க. தயவுசெய்து உடனே வாங்க." முதல் தடவை திருப்தியில்லை. மறுபடி பேசினார். சமையலறையில் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் எண்ணை "கோவில்பதாகை சார்" என்று என் போனில் போட்டு வைத்துக்கொண்டேன்.

சில வருடங்கள் கழித்து அவர் மாரடைப்பில் இறந்துபோனார். பராமரிப்பு ஒப்பந்தத்தை அந்த அம்மா விடவில்லை. துக்கத்துக்குப் பிறகு நான் முதல் தடவை போனபோது, "அம்மா, சார் நம்பரை எடுத்துட்டு உங்க மக நம்பரை முதல்ல போட்டுடட்டுமா?" என்று கேட்டேன். "இருக்கட்டும்மா, இப்ப என்ன அவசரம்" என்றார். அடுத்தடுத்த தடவைகளிலும் அதே பதில். எடுக்காத எண் என்றால் பெட்டி அடுத்த எண்ணுக்குப் போய்விடப் போகிறது. நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயம். அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு மருந்துக்கடையில் ஷட்டர் சென்சாரைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா போன் செய்தார்.

"ஏம்மா, யாரோ ஒருத்தரு வந்து கேட்டுல நிக்காரு. எங்க வீட்டுக்காரரு அவருக்கு டெய்லி போன் பண்ணுதாராம்."

"யாரு பண்றாராம்?"

"எங்க வீட்டுக்காரரும்மா. எனக்குக் கையும் காலும் ஓடலை. நீ கொஞ்சம் வாயேன்."

மருந்துக்கடைக்காரர் முறைத்தார். சென்சாரை அவசரமாக மாட்டிவிட்டு, மதியம் திரும்ப வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். நான் போய்ச் சேரும்போது கேட்டுக்கு வெளியே ஒரு தண்ணீர் லாரி நின்றிருந்தது. அதன் நிழலில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், கழுத்தில் துண்டோடு. கேட்டுக்கு உள்ளே, பூட்டைத் திறக்காமல், அந்த அம்மா.

"நீதான் அலாரம் அக்காவா?" என்றார் அவர். "இன்னாக்கா இது? தெனம் மத்தியானமானா ஒரு ஆளு போன் பண்றாரு. எங்க ஊட்ல அலாரம் அடிக்குது, ஒடனே வாங்கன்றாரு. ஹலோ, யார் நீன்னு கேட்டா பதில் இல்ல. சொன்னதையே சொல்லிகினு கீறாரு. நான் வண்டி ஓட்டுவனா, இவருக்குப் பதில் சொல்லிகினு இருப்பனா?"

அவர் எண்ணைச் சொல்லச் சொன்னேன். என் போனில் அடித்தேன். திரையில் "கோவில்பதாகை சார்" என்று வந்தது. எண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிச் சரிபார்த்தேன். பிறகு புரிந்தது. சார் போன பிறகு அந்த எண்ணுக்கு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. செத்துப்போன எண்ணை போன் கம்பெனி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அந்த வேறொருவர் இந்த லாரி டிரைவர். வானகரத்தில் குடியிருப்பவர்.

இதை இருவருக்கும் விளக்கினேன். அந்த அம்மா பூட்டைத் திறந்துவிட்டார். டிரைவர் துண்டைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அப்போ அந்த ஆளு..."

"அவரு இறந்து ரெண்டு வருஷம் ஆவுதுங்க. அது பதிஞ்சு வெச்ச குரல்."

"மன்னிச்சிக்கம்மா," என்றார் அந்த அம்மாவிடம். "எனக்கு எப்டித் தெரியும்? நான் வேற போன்ல அசிங்க அசிங்கமாத் திட்டிக்கிறேன்."

"அவரு கேட்டிருக்க மாட்டாரு, விடுங்க" என்றார் அம்மா. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"தொல்லையா இருந்தா அந்த நம்பரை பிளாக் பண்ணியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"பண்ணலாம்தான்க்கா. இன்னான்னா, அவரு தயவுசெய்துன்றாரு. யாருக்கு இன்னா கஷ்டமோன்னு ஒரு மாரியா இருந்துச்சு. இன்னிக்கு ஆவடில லோடு எறக்கினேன், சரி, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். மூணாவது குறுக்குத் தெருன்றாரு, அங்க போயி ஊடு ஊடாக் கேட்டா யாருக்கும் தெரில. அப்பால தெருத் தெருவாச் சுத்தி, செவுத்துல அலாரம் பொட்டி கீற ஊடாப் பாத்து நின்னேன்."

"இதுதான் முன்னால மூணாவது" என்றார் அந்த அம்மா. "பெறகு நம்பரை மாத்திட்டாங்க. இப்ப அஞ்சாவது."

பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்து, "அது என்னதான் சொல்லுதுன்னு நான் கேக்கலாமா?" என்றார்.

பின்கதவைத் திறந்து அலாரத்தைக் கிளப்பினேன். டிரைவரின் போன் ஒலித்தது. எடுத்து ஸ்பீக்கரில் போட்டுக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். கனைப்பு. பிறகு அந்தக் கணீர்க் குரல். உடனே வாங்க. தயவுசெய்து உடனே வாங்க. மூன்று பேரும் ஹாலில் நின்று கேட்டோம். அந்த அம்மா அழப்போகிறார் என்று நினைத்து, போய்ப் பக்கத்தில் நின்றேன். அவர் அழவில்லை.

"இது அவரு ஆபீஸ் குரலும்மா" என்றார். "எங்கிட்ட ஒரு நாளும் இப்படிப் பேசினது கிடையாது. இவ்வளவு மரியாதையெல்லாம் எனக்குக் கிடைச்சது இல்லை."

டிரைவர் தன் போனில் எல்லாப் பேச்சும் தானாகப் பதிவாகும் என்றும், வேண்டுமானால் அனுப்புவதாகவும் சொன்னார். "வேண்டாம்ப்பா" என்றார் அம்மா. "அதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

ஆனால் இன்னொரு விஷயம் என் மனத்தை அரித்தது. அலாரம் தினமும் கிளம்பியிருக்கிறது. சைரன் சத்தம் இந்த அம்மாவுக்கு எப்படிக் கேட்காமல் போனது? சற்று முன் நான் கிளப்பியபோதும் வெளியே சத்தமே இல்லையே. ஏணியைப் போட்டு ஏறினேன். சைரனுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி ஒயர் பச்சை பிடித்து அற்றுப்போயிருந்தது. வாய்ப்பக்கம் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது அலாரத்தைப் போட்டுக்கொள்வது அந்த அம்மாவின் வழக்கம். பின்கதவின் கீல் தளர்ந்திருந்தது. காலி மனையிலிருந்து மதியக் காற்று தள்ளும்போதெல்லாம் கதவு அசைந்து, கதவில் இருக்கும் காந்தமும் நிலையில் இருக்கும் சென்சாரும் விலகியிருக்கின்றன. பெட்டி ஊமையாக இருந்தபடியே முதல் எண்ணைக் கூப்பிட்டிருக்கிறது. டிரைவர் எடுத்துவிட்டதால் மகளுக்குப் போகவே இல்லை. அலாரம் இருக்கிறது என்ற தைரியத்தில் அந்த அம்மா தினமும் தூங்கி எழுந்திருக்கிறார்.

கீலை மாற்ற ஆள் வரச்சொல்லி, அடுத்த நாள் புதுச் சைரனை மாட்டினேன். முதல் எண்ணை எடுத்துவிட்டேன். இந்தத் தடவை அந்த அம்மா மறுக்கவில்லை.

சில வாரங்கள் கழித்து டிரைவரே என்னைக் கூப்பிட்டார். வண்டிச் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசினார்.

"அக்கா, அந்தம்மா நல்லா கீறாங்களா? இப்போ போனே வர்றதில்ல, அதான் கேட்டேன்."

"வரக் கூடாதுன்னுதானே எடுத்தோம்."

"அது சரிக்கா. ஆனா பொண்ணு கோயமுத்தூர்ல கீதுன்னியே. அங்க மணி அடிச்சா இங்க இன்னா புண்ணியம்? நான் தெனம் இந்தப் பக்கம்தான் லோடு அடிக்கிறேன். என் நம்பரையும் ஒரு ஓரமாப் போட்டு வையேன்."

இந்தத் தொழிலில் எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். தனியாக இருக்கும் வயதானவர்கள், யார் எப்போது படுக்கிறார்கள், எந்தக் கதவு பலவீனம், எல்லாம் தெரிந்துகொண்டு நல்லவர் போலப் பழகுகிறவர்கள். இந்த மனிதரைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனால் தோன்றாதவர்கள்தான் செய்திருக்கிறார்கள். வீட்டுக்காரர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மகளுக்குப் போன் செய்தேன். "மேடம், நீங்க சீரியஸாவா கேக்கறீங்க?" என்றார் அவர். "அம்மா அங்க தனியா இருக்காங்க. யாரோ லாரி டிரைவர், நம்பர் மாறிப்போய் வந்தவரு, அவரை அலாரம்ல சேக்கச் சொல்றீங்களே." நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வைத்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பொன்றும் இல்லை. என் அம்மாவாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். டிரைவரிடம் முடியாது என்று சொன்னபோது, "சரிக்கா, அவங்க ஊடு, அவங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார். அந்தக் குரலில் இருந்த சோர்வு எனக்குத் தெரிந்த சோர்வுதான். நல்லது செய்யப் போய் ஒரு படி கீழே இறக்கிவிடப்பட்டு, அதற்கும் சரி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிற சோர்வு.

அடுத்த கோடையில் ஒரு நாள் பூந்தமல்லியில் ஒரு செல்போன் கடையில் ஏணிமேல் நின்றிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து மகள் கூப்பிட்டார்.

"மேடம், அலாரம் பெட்டிலருந்து கால் வந்துச்சு. அம்மாவைக் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க போய்ப் பாக்க முடியுமா?"

"நான் பூந்தமல்லில இருக்கேன்மா. வர நேரமாகும். பக்கத்து வீட்டுக்காரங்க நம்பர் ஏதாவது இருக்கா?"

மெதுவாக, "இல்லையே மேடம்" என்றார்.

இத்தனை வருடம் அந்த வீட்டுக்குப் போய்வந்த என்னிடமும் இல்லை. ஏணியிலிருந்து இறங்கி, வெளியே வெயிலுக்கு வந்து, போனில் "கோவில்பதாகை சார்" என்று தேடி அழுத்தினேன்.

"இன்னாக்கா?"

சொன்னேன். பருத்திப்பட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். "ஓஸ் பைப்பைக் கழட்டிட்டுப் போறேன்" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

பூந்தமல்லியிலிருந்து ஆவடிச் சாலையில் அன்றைக்கென்று பார்த்து அத்தனை நெரிசல். ஹெல்மெட்டுக்குள் வியர்வை கண்ணில் இறங்கியது. ஒருவேளை இதுவும் கீல் சமாச்சாரமாக இருக்கும், அந்த அம்மா கோயிலுக்குப் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அந்த மனிதரை வேலையை விட்டுவிட்டு ஓட வைத்துவிட்டோமே என்று நடுவில் ஒரு வருத்தமும் வந்தது.

தெருமுனையிலேயே சைரன் கேட்டது. வீட்டு வாசலில் லாரி கோணலாக நின்றிருந்தது. தெருவில் அவ்வளவு பேரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டிரைவர் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டை தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. உதட்டில் ரத்தம். எதிர்வீட்டுக்காரர் அவருக்கு முன்னால் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றார்.

"அம்மா எங்க?" என்றேன்.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்பிச்சாச்சு" என்றார் டிரைவர். "பேசிகினுதான் போறாங்க. இடுப்புதான் போச்சு போலக்கீது. இந்தச் சனியனை மொதல்ல நிறுத்துக்கா, காது வலிக்குது."

உள்ளே போய் நிறுத்தினேன். பின்கதவு திறந்தபடி இருந்தது. வெளியே துவைகல் பக்கத்தில் ஒரு செருப்பு கிடந்தது. மதியம் படுத்திருந்த அந்த அம்மா, பின்னால் ஏதோ விழுந்த சத்தம் கேட்டு, அலாரம் போட்டிருப்பதை மறந்து கதவைத் திறந்திருக்கிறார். தலைக்குமேல் புதுச் சைரன் அலற, பதறித் திரும்பியதில் கால் வழுக்கி விழுந்திருக்கிறார். அங்கிருந்து அவர் கத்தியது எதுவும் அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. புதுச் சைரன் நான் வாங்கி மாட்டியது. இருப்பதிலேயே சத்தமான வகை.

வெளியே வந்தபோது எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "நீங்களே சொல்லுங்க மேடம். அலாரம் அடிச்சிகினு கீது. ஒருத்தன் லாரியை நிறுத்திட்டு செவுரு ஏறிக் குதிக்கிறான். நாங்க இன்னான்னு நெனப்போம்? திருடன்னுதான நெனப்போம்?"

"அத்தினி நேரமா அடிச்சிகினு கீது, ஒரு ஆளு வெளிய வர்ல" என்றார் டிரைவர், யாரையும் பார்க்காமல். "நான் செவுத்து மேல காலை வெச்சேன், தெருவே வந்துட்ச்சு."

"எப்பவும் அடிக்கிறதுதானேன்னு இருந்துட்டோம்பா. டெஸ்ட்டு பண்றாங்கன்னு நெனச்சிட்டோம்."

"கீழ அந்தம்மா கெடக்குது, என்னை உட்டுட்டு அதைப் பாருங்கடான்னு கத்தறேன்க்கா. ஒருத்தனும் கேக்கல. கடைசில ஒரு பொண்ணுதான் சந்துவழியா எட்டிப் பாத்துட்டு, ஆமா, ஆயா கெடக்குதுன்னு சொல்லிச்சு. அப்புறம்தான் உட்டானுங்க."

அதற்குப் பிறகு அந்த அம்மாவைத் தூக்கி உள்ளே கொண்டுவந்ததும், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும், தன் மனைவியைத் துணைக்கு அனுப்பியதும் எதிர்வீட்டுக்காரர்தான். டிரைவரின் சட்டையைக் கிழித்ததும் அவர்தான். அன்றைக்கு எனக்கு யார்மீதும் கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டும். லாரிப் படியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் உள்ளே போய்த் தன்னுடைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். டிரைவர் கொஞ்ச நேரம் அதை வாங்காமல் இருந்தார். பிறகு வாங்கிப் போட்டுக்கொண்டார். அவருக்கு அது தொளதொளவென்று இருந்தது.

அன்று மாலையே மகள் விமானத்தில் வந்துவிட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மகள் வராந்தாவில் என்னை நிறுத்தினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அந்த அண்ணா காலைல வந்துட்டுப் போனாரு மேடம். நான் என்ன பேசறதுன்னே தெரியாம நின்னேன். அவரு நம்பரைப் போட்டுடுங்க. முதல்லயே போட்டுடுங்க."

டிரைவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"போட்டுக்கக்கா. ஆனா என்னை மட்டும் நம்பிகினு இருக்காத. நான் லோடு ஏத்திகினு எங்கனா தூரத்துல கீறேன்னு வெய்யி, இன்னா பண்ணுவ? அந்தத் தெருக்காரன் நம்பரு ஒண்ணு வாங்கிப் போடு. சட்டை குடுத்தானே, அவன் நம்பரே போடு."

எதிர்வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். கேட்டதும் கொடுத்துவிடவில்லை. ராத்திரியெல்லாம் அடிக்குமா, எடுக்கவில்லை என்றால் போலீஸ் கேஸ் ஆகுமா என்று பல கேள்விகள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் எண்ணைச் சொன்னார். சொல்லிவிட்டு, தன் மனைவி எண்ணையும் சொன்னார்.

பெட்டியையும் மாற்ற வேண்டியிருந்தது. பழையது அந்த நாள் கூப்பிட்டதோடு சரி, அதற்குப் பிறகு சிக்னல் பிடிக்கவில்லை. அந்தக் குரலைப் புதுப் பெட்டிக்கு எடுத்துவர வழியில்லை; டிரைவரின் போனில் இருந்த பதிவிலும் பழைய தெரு எண்தான். மகளிடம் சொன்னேன். அவர் பழைய பெட்டியைச் செய்தித்தாளில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். புதிதில் பேசிப் பதிய யாரும் முன்வராததால் நானே பேசினேன். ஐந்தாவது குறுக்குத் தெரு என்று சரியாகச் சொன்னேன்.

அந்த அம்மா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். எப்போதாவது போன் செய்வார். மகள் வீடு ஒன்பதாவது மாடியாம். "இங்க அலாரமும் இல்லை, ஒண்ணும் இல்லை. கீழ வாட்ச்மேன் பேரை எழுதிக்கிட்டுத்தான் ஆளை விடுதான். இருந்தும் தூக்கம் வரலைம்மா" என்றார் போன தடவை. எப்போது திரும்பி வருவீர்கள் என்று கேட்டேன். அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டு என் முழங்காலைப் பற்றி விசாரித்தார்.

வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒப்பந்தம் இன்னும் நடக்கிறது. போன வாரம் சர்வீஸுக்குப் போயிருந்தேன். ஜன்னல் விளிம்புகளில் தூசி, ஹாலில் பூட்டிய வீட்டின் வாடை. கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, கடைசியாகச் சைரனை அடிக்கவிட்டேன். காதில் பஞ்சு வைத்திருந்தேன். அப்படியும் பல் கூசியது.

எதிர்வீட்டு கேட் திறந்தது. அவர் கையைக் கழுவாமல், பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தார். வலது கையை உயர்த்திப் பிடித்தபடி தெருவைக் கடந்து வந்து எங்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்.

"டெஸ்ட்டா?" என்று வாயசைத்துக் கேட்டார்.

தலையாட்டினேன். திரும்பிப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. சைரன் நிற்கும்வரை அந்த வெயிலில் அங்கேயே நின்றார். அது நின்றதும், "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் ஏணியை மடித்து வைத்து, வீட்டைப் பூட்டிவிட்டு, அடுத்து அம்பத்தூரில் இருந்த வேலைக்குக் கிளம்பினேன்.